உங்கப்பாகிட்ட சொல்லு

எங்கள் வீட்டில் ஒரு நாளும் சண்டைச் சத்தம் கேட்டதில்லை என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது உண்மைதான், டாக்டரம்மா. எதிர்வீட்டுத் தைலம்மாள் தன் மருமகளை வையும்போதுகூட, "கொளஞ்சி வூட்டப் பாத்தாவது கத்துக்க, ஒரு சத்தம் உண்டா அங்க" என்பாள். சண்டை போட வேண்டுமானால் இரண்டு பேர் பேச வேண்டுமே. நானும் என் வீட்டுக்காரரும் நாலு வருஷம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நேற்று நீங்கள் வார்டுக்கு வந்தபோது, கடந்த மூன்று மாதமாக மகள் வீட்டில் எப்படி இருந்தாள், என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள் என்று ஒன்றுவிடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவது எனக்குப் புதிதில்லை. கச்சிராயபாளையம் பக்கத்தில் எங்கள் ஊர் அங்கன்வாடியில் பதினாலு வருஷமாக டீச்சராக இருக்கிறேன். எந்தப் பிள்ளை எத்தனை கிலோ, யாருக்கு எத்தனை முட்டை, எல்லாம் என் ரிஜிஸ்டரில் இருக்கும். பார்வையிட வரும் எந்த மேடமும் இதுவரை அதில் சிவப்பு மையால் கோடு போட்டதில்லை. இதையும் அப்படியே உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

எழில்மதிக்குப் பன்னிரண்டு வயதில் சடங்கு வைத்தோம். தாய்மாமன் வந்து முதல் மாலை போட்ட பிறகுதான் எங்கள் பக்கத்தில் மற்றதெல்லாம் நடக்கும். என் அண்ணன் காசிநாதன் விடிந்ததும் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். பார்த்தால், முதல் நாள் சாயங்காலம் அவனுக்கு சர்க்கரை மில்லிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டது. உத்தரவு வந்ததும் கரும்பை வெட்டி ஏற்றாவிட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. அண்ணன் லோடு ஏற்றிவிட்டு வரட்டும் என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் ராஜாங்கம் கேட்கவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று, பந்தலில் நின்றிருந்த என் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு மாமன் மாலையைப் போடச் சொல்லிவிட்டார்.

அரைமணி கழித்து அண்ணன் மேளத்தோடும் இருபத்தொரு தட்டோடும் பந்தலுக்குள் வந்து நின்றான். சட்டையில் கரும்புத் தோகை ஒட்டியிருந்தது. இவர் மைக்கைக் கையில் வாங்கி, "தாய்மாமன் கரும்பு வெட்டிட்டு வர்ற வரிக்கும் நல்ல நேரம் ரோட்டுல நின்னுக்கினு இருக்குமா?" என்றார். பந்தலே சிரித்தது. அண்ணன் தட்டுகளை அப்படியே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். நான் எல்லோர் முன்னாடியும் சொன்னேன்: "இனிமே இந்த ஆளுகிட்ட ஒரு வார்த்த பேசினா நான் எங்கப்பனுக்குப் பொறந்தவளே இல்ல." அவர் அதே மைக்கில், "ரொம்ப நல்லதாப் போச்சி" என்றார். மதி மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தாள்.

நாலு நாளில் சரியாகிவிடும் என்றுதான் ஊரும் நினைத்தது, நானும் நினைத்தேன். ஆனால் எங்கள் இரண்டு பேருக்குமே பிடித்த முயலுக்கு மூன்று கால். குடும்பம் நடக்க வேண்டுமே, அதற்கு மதி இருந்தாள். "மதி, சோறு ஆயிடுச்சின்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "மதி, மோட்டார் ரூம் சாவி எங்கன்னு உங்கம்மாவைக் கேளு." இவ்வளவுக்கும் இடையில் நாலடி தூரம்தான் இருக்கும். ஒரே கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். நான் சொல்வது அவர் காதில் விழும், அவர் சொல்வது என் காதில் விழும். இருந்தாலும் மதி திருப்பி ஒரு தடவை சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு. நேருக்கு நேர் திட்டிக்கொள்ளவும் முடியாதே, கெட்ட வார்த்தைகளையும் அவளிடம்தான் சொல்லி அனுப்புவோம். அவர் கொல்லையில் இருந்தால் அவள் கொல்லைக்குப் போவாள். வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டிருந்தாலும் நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போவாள். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

போன வருஷம் பத்தாவது பரீட்சை முடிந்த பிறகு அவள் சொல்லாமல் விட ஆரம்பித்தாள். "உங்கப்பாகிட்ட சொன்னியா?" என்றால், "இல்ல" என்பாள். "ஏன்டி?" என்றால் எழுந்து உள்ளே போய்விடுவாள். எங்களுக்கு முதலில் தெரிந்த நோய் இதுதான். அவள் குளிக்காமல் இருந்ததோ, தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்ததோ, பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததோ எங்கள் கண்ணில் படவில்லை. சொன்னதைப் போய்ச் சொல்லவில்லை என்பதுதான் பட்டது. திமிர் என்று நினைத்து நான் இரண்டு தடவை அடித்தேன். பிளஸ் ஒன் வகுப்பு ஜெயசுதா டீச்சர்தான் எங்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து, பெண் முழு நேரமும் மேசையில் தலையைச் சாய்த்தபடி இருக்கிறாள், கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அப்படித்தான் ஆடி மாசக் கடைசியில் உங்களிடம் வந்தோம்.

அந்த முதல் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள். இது மனச்சோர்வு, மருந்து இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றீர்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அப்பா, அம்மா இரண்டு பேரும் சேர்ந்துதான் வர வேண்டும் என்றீர்கள். மாத்திரையைப் பிள்ளை கையில் கொடுக்காமல் நானே வைத்திருந்து தினமும் கொடுக்கச் சொன்னீர்கள். அப்போது இவர் என் பக்கம் திரும்பி, "கொளஞ்சி, அது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு கேட்டுக்க" என்றார்.

நாலு வருஷத்துக்குப் பிறகு என் பெயர். எனக்கு நாற்பத்தொரு வயது, டாக்டரம்மா. மகளுக்கு நோய் என்று கேட்டு அழுகிறேன் என்று நினைத்து நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள்.

அன்றைக்குப் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். அவர் வேர்க்கடலை வாங்கி என் மடியில் வைத்தார். அதற்குப் பிறகு தினமும் பேச்சுதான். மதி சாப்பிட்டாளா, தூங்கினாளா, அடுத்த தடவை எந்தப் பஸ்ஸுக்குப் போகலாம். பேச்சுக்குப் பேச்சு பழையதும் வந்தது. ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டே, "போன தீவாளிக்கு எனக்குப் புடிக்கும்னு அதிரசம் சுட்டியாமே, மதி சொல்லுச்சி" என்றார். நான் அதிரசம் சுட்டது என் அண்ணன் வீட்டுக்கு அனுப்ப. நானும் அவரிடம் கேட்டேன், எனக்கு ஜுரம் வந்தபோது சந்தையில் சாத்துக்குடி வாங்கி வந்தது எனக்காகத்தானே என்று. "எனக்கு வாய்க் கசப்புன்னு வாங்கினேன்" என்றார். அப்போதுதான் தெரிந்தது, ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாத நேரமெல்லாம் இவள் நாலு வருஷமாக அதைச் சொன்னபடி சொல்லவே இல்லை. நான் கொல்லையில் இருக்கும்போது, "இன்னா எழவு கொழம்பு இது" என்று அவர் சொன்னால், என்னிடம் வந்து, "உப்பு கொஞ்சம் கம்மியாம்மா" என்றிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்த வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்று அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை.

உங்கள் மருந்து நல்ல மருந்து. அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஐப்பசி பிறந்தபோது மதி தானே தலை பின்னிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கோ-கோ விளையாடப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு உதவியாகப் புளி கொட்டை எடுத்தபடி, பிளஸ் டூ முடித்ததும் நர்ஸிங் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கப் போவதாகச் சொன்னாள். நீங்களும் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டீர்கள். இனி இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போதும், இரண்டு பேரும் வர வேண்டியதில்லை, யாராவது ஒருவர் கூட வந்தால் போதும் என்றீர்கள்.

அதற்கு நாலாம் நாள் மத்தியானம் இவர் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். நான் எதிரில்தான் நின்றிருந்தேன். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்து, "மதி, உங்கம்மாவை சோறு போடச் சொல்லு" என்றார்.

கோபமெல்லாம் இல்லை. பழக்கம். பெண்ணுக்குத்தான் நன்றாகிவிட்டதே, இனி எதற்கு இவளிடம் பேச வேண்டும் என்று அவர் மனது பழைய தடத்தில் போய் நின்றுகொண்டது. மதி அறையிலிருந்து எழுந்து வந்தாள். என்னிடம் சொன்னாள். நான் சோறு போட்டேன். அன்றைக்கும் மறுநாளும் நானாகவே வாயைத் திறந்து அவரிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் பதில் மதி வழியாக வந்தது.

கார்த்திகை முதல் வாரம் அங்கன்வாடியில் மருந்துப் பெட்டியைத் துடைத்து அடுக்கினேன். வயிற்றுப்போக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க கிராம நர்ஸம்மா ஜிங்க் மாத்திரை தந்து வைத்திருப்பார். வெள்ளை, சின்னது. ஒரு ஸ்பூன் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். கெடுதல் ஒன்றும் செய்யாது. நான் இரண்டு அட்டையைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை மதி கையை நீட்டியபோது, உங்கள் மாத்திரைக்குப் பதிலாக அதைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தேன். தண்ணீரும் கொடுத்தேன்.

நான் ஒரு வாரம் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் அவள் லேசாக வாடினால் போதும், இவர் கவலைப்பட்டு என்னிடம் கேட்பார், பேச்சு திரும்ப ஒட்டிக்கொள்ளும், பிறகு பழையபடி மாத்திரையைக் கொடுத்து அவளைத் தேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பிள்ளைக்கு அப்பா அம்மா பேசிக்கொள்வதைவிடப் பெரிய மருந்து உண்டா என்றுகூட எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். முதல் வாரத்தில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் இரண்டாவது வாரமும் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவள் தலை பின்னுவதை விட்டாள். தட்டைத் தள்ளி வைத்தாள். இவர் அடுப்படி வாசலில் வந்து நின்று, "கொளஞ்சி, புள்ள ஏன் ஒரு மாதிரியா கீது?" என்றார். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசினோம்.

அதற்கப்புறம் நிறுத்த வேண்டும் என்று தினமும் நினைத்தேன். காலையில் உங்கள் அட்டையையும், பெட்டியிலிருந்து மறுபடி எடுத்து வந்த ஜிங்க் அட்டையையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அறையிலிருந்து அவர் குரல், "கொளஞ்சி, மாத்திர குடுத்துட்டியா?" என்று கேட்கும். "குடுத்துக்கினு இருக்கேங்க" என்பேன். மார்கழியில் உங்களிடம் கூட்டி வந்தோம். மறுபடி தலைதூக்குகிறது, பயப்படாதீர்கள், அளவைக் கூட்டுவோம் என்று ஒன்றை இரண்டாக்கினீர்கள். நானும் வீட்டுக்கு வந்து ஒன்றை இரண்டாக்கினேன். நீங்கள் எழுதித் தந்த மாத்திரை ஒன்றையும் நான் வீசவில்லை. எல்லாம் அங்கன்வாடியில் பழுதான எடை மெஷின் பெட்டிக்குள் வைத்திருந்தேன். இவளை இங்கே சேர்த்த பிறகு துணி எடுக்க ஊருக்குப் போனபோது ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்தேன், இந்த நோட்டோடு இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு மதி யூனிபார்மோடு கிளம்பினாள். கச்சிராயபாளையம் ஸ்டாண்டில் பள்ளிக்கூடத்துப் பஸ்ஸில் ஏறாமல், வெள்ளிமலை போகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். சாயங்காலம்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கும் மறுநாளும் நானும் இவரும் மோட்டார் பைக்கில் கல்வராயன் மலையெல்லாம் அலைந்தோம். ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி, போட்டோவைக் காட்டி, தொண்டை கிழியக் கேட்டோம். எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொல்லிவிட்டேன், இதையும் எழுதுகிறேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்தபோது அவர், "என்ன கெட்டியா புடிச்சுக்க கொளஞ்சி" என்றார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். பெற்ற பெண்ணைக் காணோம். அந்த ஒரு வளைவு தாண்டும்வரை நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதும் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை, கடுக்காய் பொறுக்கப் போன மலைக்காரப் பெண் ஒருத்தி அவளை ஓடையோரம் பார்த்திருக்கிறாள். கால் வீங்கி, ஜுரத்தில் பிதற்றிக்கொண்டு கிடந்தவளைத் தன் சேலையைப் போர்த்தித் தூக்கி வந்தாள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இங்கே சேர்த்து நாலாம் நாள்வரை மதி வாய் திறக்கவில்லை. அன்று காலை உங்கள் நர்ஸ் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதை நாக்கில் வைத்தபடி என்னையே பார்த்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, "இது கசக்குதும்மா" என்றாள்.

நான் டம்ளரை வாங்கி வைத்தேன்.

"நீ குடுத்தது இனிக்கும். வாயில வெச்சதுமே கரஞ்சிடும். சின்ன வயசுல பால்வாடில நீ எல்லாருக்கும் குடுப்பியே, அதுதானே."

"தெரிஞ்சிதான் முழுங்கினியாடி?"

"ம்."

"ஏன்டி சொல்லல? எங்கிட்ட கேட்டிருக்கலாமே. அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் மறுபடியும் பேசமாட்டீங்க" என்றாள். போர்வையை இழுத்துக்கொண்டு, "எனக்குச் சடங்கு பண்ணதாலதானேம்மா எல்லாம்" என்றாள்.

மலைக்கு ஏன் போனாய் என்று கேட்டேன். "அங்க யாரும் யாருகிட்டயும் எதையும் போய்ச் சொல்லச் சொல்லமாட்டாங்க" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்படியும் நான் வாய் திறக்கவில்லை. நேற்று நீங்கள், "ஒரு வேளைகூடத் தவறாமக் கொடுத்தீங்களாம்மா?" என்று கேட்டபோது, இவர் பக்கத்தில் நின்றிருந்தார். "தவறலைங்க" என்றேன். அப்படியானால் இந்த மருந்து இவளுக்குக் கேட்கவில்லை, இதைவிடக் கடுமையானதற்கு மாற்ற வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதப் போனீர்கள். பிறகு, முதலில் நீங்கள் எழுதித் தாருங்கள், பார்த்துவிட்டு மாற்றுகிறேன் என்றீர்கள். மாற்ற வேண்டாம், டாக்டரம்மா. அந்த மருந்து கேட்கும். அதை அவள் சாப்பிடவே இல்லை. இரண்டு மாதம் நான் கொடுக்கவில்லை. தெரிந்தே கொடுக்கவில்லை. அவளை நோயாளியாக வைத்திருந்தது நான்தான்.

போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேலை போனாலும் போகட்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு எடை போட்டுப் பார்க்க இனி எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. மதியை என் அண்ணன் வீட்டில் விடச் சொன்னால் விடுகிறேன். இனி அவளை நான் எதற்கும் பயன்படுத்த மாட்டேன். இது சத்தியம்.

இவருக்கு மட்டும் இன்னும் தெரியாது. இன்று காலை சொல்லிவிடலாம் என்று வெளியே பெஞ்சுக்குப் போனேன். "கொளஞ்சி, டீ குடிக்கிறியா?" என்று கேட்டு, எழுந்து போய் வாங்கி வந்து கையில் கொடுத்தார். எப்படிச் சொல்வது. சொன்னால் அதோடு முடிந்தது, செத்தாலும் என் முகத்தில் விழிக்க மாட்டார். ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மதிக்கு இன்று ஜுரம் இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டாள், எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவிடம் நீயே சொல்லிவிடு, கொஞ்சம் பார்த்துச் சொல்லு என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். இதுதான் கடைசித் தடவை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.